ஆடுகளத்தில் விடைபெறுவோர்

(வட்டுக்கோட்டையில் மாணவரும் ஆசிரியரும் ஊரவரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விளையாட்டு வீரர் ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒப்புக்கொடுத்த ஆட்டத்தை விட்டு நீங்கும் வேளையில், தம்மைக் காணக் கூடிய ஜனத்திரளை நோக்கிச் சொல்லும் வார்த்தைகளை எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இன்று மாலை நான் மேற்கொண்டிருக்கும் காரியம். சமயமும் இலக்கியமும் பேசிப் பழகிய இந்த மண்ணிலே, ஓடியும் எறிந்தும் அடித்தும் பெயரெடுத்தவர்களின் பேச்சுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது தகுமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தகும் என்பதே என் துணிபு. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கிய காலம் முதலாக, அவைமுன் நின்று பேசுவதை ஒரு பெரும் பொறுப்பாகக் கருதிவந்த சமூகம் நம்முடையது. பேசுவதையே தொழிலாகக் கொண்டவர் பேசும்போது அவருடைய கல்வியை அளந்து பார்க்கிற நாம், பேச்சுத் தொழிலறியாத ஒருவர், பேசாமல் இருக்கவியலாத ஒரே நாளில் வாய்திறக்கும்போது வெளிப்படுகிற ஹிருதயத்தையும் அளந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த விஷயத்திலே வட்டுக்கோட்டைக்கு ஒரு தனி உரிமையும் உண்டு. 1816 முதல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் இவ்வூரில் நிறுவிய செமினரியிலே கணிதத்தையும் வானசாஸ்திரத்தையும் ஆங்கிலத்தையும் தமிழையும் ஒருங்கே கற்பித்தார்கள். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்களே; 1855இல் அச்செமினரி மூடப்பட்டபின், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி இதே ஊரில் எழுந்தது. இத்தனையையும் கொண்டுவந்த அமெரிக்கரின் தேசிய விளையாட்டாகிய பேஸ்போல் இங்கே வேரூன்றவில்லை. ஆங்கிலேயரின் துடுப்பாட்டமே வேரூன்றிற்று. யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் எதிரெதிர் நின்று ஆடிவருவதும், புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் பொன் அணிகளின் போரிலே பொருதுவதும் அந்த ஆட்டத்திலேதான். ஆயினும் விடைபெறும் உரை என்ற ஒன்றிலே அமெரிக்கரின் ஆட்டம் உலகத்துக்கே ஓர் உத்தம உதாரணத்தைத் தந்திருப்பதால், அங்கிருந்து தொடங்கி, நமக்கு அணுக்கமான துடுப்பாட்டத்துக்கு வந்து சேரலாம் என்று கருதுகிறேன்.

முதலிலே, இந்த வேளையின் விசேஷத்தைச் சற்றே சிந்திப்போம். ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் இளைப்பாறுவது முதுமையின் வாயிலிலே. அதற்குள் அவர்கள் பிரிவுக்குத் தம்மைப் பக்குவப்படுத்திக்கொள்ளக் காலம் கிடைத்துவிடுகிறது. விளையாட்டு வீரரோ, மற்றையோர் தம் தொழிலிலே நிலைபெறத் தொடங்கும் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே, உள்ளம் இன்னும் ஆட விரும்புகையில் உடம்பு மறுத்துவிட்ட காரணத்தால் நீங்குகிறார். பத்து வயதிலிருந்து அவர் அறிந்த ஒரே வாழ்க்கை அன்று மாலையுடன் முடிகிறது. அதற்குப் பின்னர் வாழவேண்டிய ஆண்டுகளோ, வாழ்ந்து முடித்த ஆண்டுகளிலும் அதிகம். அத்தகைய ஒருவரின் கையிலே ஒலிவாங்கியைக் கொடுத்துப் பேசுக என்றால், அவரை மூன்று அபாயங்கள் சூழ்கின்றன: தாம் செய்த சாதனைகளைத் தாமே எடுத்துரைக்கும் தற்புகழ்ச்சி, தமக்கு இழைக்கப்பட்டதாக நினைக்கும் அநீதிகளைச் சொல்லித் தீர்க்கும் முறைப்பாடு, எல்லாருக்கும் பொதுவாக நன்றி கூறி, ஒருவருக்கும் நன்றி கூறாமலே முடித்துவிடும் வெறும் உபசாரம். இம்மூன்றையும் கடந்தவர்களின் உரைகளே காலத்தைக் கடந்து நிற்கின்றன.

1939ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நியூயோர்க் நகரத்தின் யாங்கி மைதானத்திலே, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில் லூ கெரிக் என்ற பேஸ்போல் வீரர் ஆற்றிய உரையை முதலில் வைக்கிறேன். 1925 முதல் 2130 ஆட்டங்களிலே ஒன்றையேனும் தவறவிடாமல் தொடர்ந்து ஆடியவர் அவர். உடைந்த விரல்களோடும் முதுகுவலியோடும் ஆடியவர். அவ்வாண்டு மே மாதம் 2ஆம் நாள், தம் கைகால்கள் தம் சொற்கேளாமையை உணர்ந்து, தம்மால் அணிக்கு நட்டம் நேரலாகாது என்று தாமே முகாமையாளரிடம் சென்று, தம்மை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொண்டார். ஜூன் 19ஆம் நாள், அவருடைய முப்பத்தாறாவது பிறந்தநாளன்று, நரம்புகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் தீராத நோய் அவருக்கு உண்டென்பது வைத்தியராற் புலனாயிற்று. பதினைந்து நாள் கழித்து, இரண்டு ஆட்டங்களுக்கு இடைப்பட்ட வேளையிலே அவரைக் களத்துக்கு அழைத்துப் பரிசில்கள் வழங்கினார்கள். அவற்றைக் கையில் வைத்திருக்கும் வலிமை இல்லாமையால் ஒவ்வொன்றையும் வாங்கிய கணமே தரையில் வைத்தார். பேச இயலாது என்று முதலில் தலையசைத்தார். ஜனங்களின் ஆரவாரம் அடங்காமை கண்டு, முகாமையாளர் மக்கார்த்தியின் தூண்டுதலால் ஒலிவாங்கியின் முன் வந்து, குறிப்பெதுவும் இன்றிப் பேசினார்.

எனக்கு நேர்ந்த துர்ப்பாக்கியத்தைப் பற்றிச் சில நாட்களாக நீங்கள் வாசித்துவருகிறீர்கள். ஆயினும் இந்தப் பூமியின்மேல் மகா பாக்கியவான் நானே என்று எண்ணுகிறேன் என்பது அவ்வுரையின் தொடக்கம். இவ்வாறு தொடங்கிய ஒருவர், அந்தப் பாக்கியம் யாது என்று விளக்கவேண்டுமன்றோ? விளக்குகிறார், பெயர் பெயராக. அணியின் உரிமையாளர், முகாமையாளர்கள், கூட ஆடியவர்கள் ஆகியோரைச் சொல்கிறார். அதன்பின் சொல்கிற மூவரே என் கவனத்தை மிகவும் ஈர்த்தவர்கள். ஆண்டாண்டாகத் தம்மைத் தோற்கடிக்க முயன்ற எதிரணியாகிய நியூயோர்க் ஜயன்ட்ஸ் தமக்குப் பரிசு அனுப்பியதைச் சொல்கிறார். மைதானத்தைப் பராமரிக்கும் தொழிலாளர் முதலாக வெள்ளைச் சட்டையணிந்த சிற்றூழியர் வரை தம்மை நினைவுகூர்ந்து பரிசளித்ததைச் சொல்கிறார். தமக்கும் தம் மனைவிக்கும் பிணக்கு நேரும்போதெல்லாம், பெற்ற மகளை விட்டுவிட்டு மருமகன் பக்கம் பேசுகிற மாமியாரைச் சொல்கிறார். மரணத்தின் நிழல் விழுந்த அந்த வேளையிலே, அறுபதினாயிரம் பேர் கண்ணீர் மல்க நிற்கையிலே, வீட்டுத் திண்ணையிற் பேசும் பேச்சைப்போல மாமியாரின் பட்சபாதத்தை நினைவுகூர்ந்து அவர்களைப் புன்னகைக்கச் செய்தது, நூல்களிற் கற்றுவரும் சாமர்த்தியமாகாது. அது அவருடைய நற்பண்பின் வெளிப்பாடு. ஜேர்மனியிலிருந்து குடியேறி, கொலம்பியா சர்வகலாசாலை மாணவர் விடுதியொன்றிலே சமையலும் துப்புரவும் செய்து மகனைப் படிக்கவைத்த தாயையும், அவளோடு உழைத்த தந்தையையும் அவர் கூறுவது இறுதிப் பகுதியில். 2130 என்ற எண்ணை அவர் உச்சரிக்கவேயில்லை. சில நிமிடங்களில் முடிந்த அந்த உரையின் முழுமையான ஒலிப்பதிவு இன்று கிடைக்கவில்லை. சில வாக்கியங்களே படச்சுருளில் எஞ்சியுள்ளன. ஏனையவை பத்திரிகைகள் எழுதிவைத்ததால் நிலைத்தவை. 1941 ஜூன் 2ஆம் நாள் அவர் காலமானார்.

அதே மைதானத்திலே, 1947 ஏப்ரல் 27ஆம் நாள், கெரிக்கின் தோழரும் அமெரிக்காவின் பிரக்யாதி பெற்ற வீரருமான பேப் ரூத், தொண்டையைப் பற்றிய புற்றுநோயாற் கம்மிப்போன குரலோடு பேசினார். தம் குரலின் கேட்டைத் தாமே ஒப்புக்கொண்டபின், அவர் பேசியது தம்மைப் பற்றி அதிகமன்று. பேஸ்போல் என்பது சிறுவரின் ஆட்டம், ஆறேழு வயதிலேயே கையிற் பந்தெடுத்தால்தான் அது கைவரும், பதினைந்து, பதினாறு வயதுவரை காத்திருந்தால் வாராது என்ற ஓர் ஆசானின் உபதேசத்தையே கூறினார். கெரிக் பின்னோக்கிப் பார்த்து நன்றி சொன்னார். ரூத் முன்னோக்கிப் பார்த்து வழி சொன்னார். விடைபெறும் உரையின் இரண்டு பெருநெறிகளும் ஒரே களத்தில், எட்டாண்டு இடைவெளியிலே இவ்விதம் அமைந்துவிட்டன.

1948ஆம் ஆண்டிலே துடுப்பாட்டத்தின் ஈடிணையற்ற வீரர் டொன் பிரட்மன் விடைபெற்றார். இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில், மார்ச் மாதம் 27ஆம் நாள் கொழும்பிலே கப்பலிறங்கி, இன்று பி. சரவணமுத்து மைதானம் என்று ஒரு தமிழரின் பெயரால் வழங்கும் ஓவல் மைதானத்தில் அவர் ஆடிச் சென்றது நம்மவர் நெடுங்காலம் பேசிய செய்தி. ஆகஸ்ட் 14ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்திலே தம் கடைசி டெஸ்ட் போட்டிக்கு அவர் துடுப்போடு இறங்கியபோது, எதிரணியினராகிய இங்கிலாந்து வீரர் வட்டமாக நின்று மும்முறை வாழ்த்தொலி எழுப்பினார்கள். எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழந்தார். நான்கே ஓட்டங்கள் பெற்றிருந்தால் அவருடைய சராசரி நூறாகியிருக்கும், 99.94 என்று நின்றுவிட்டது. அந்நாளிலே பிரட்மன் சொன்னவற்றைவிட, எதிரணியினர் எழுப்பிய வாழ்த்தொலியே சரித்திரத்தில் நிலைத்தது. விடைபெறுதல் என்பது போகிறவர் ஒருவரால் மட்டும் நிகழ்வதாகாது. விடைகொடுப்போரின் பண்பும் சேர்ந்தே அது சம்பூரணமாகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2013 நவம்பர் 16ஆம் நாள் மும்பாய் வான்கடே மைதானத்திலே, இருநூறாவது டெஸ்ட் போட்டியை ஆடிமுடித்த சச்சின் டெண்டுல்கர், ஏறத்தாழ இருபது நிமிடம் பேசினார். இருபத்துநான்கு ஆண்டு ஆடி, 15,921 டெஸ்ட் ஓட்டங்களைக் குவித்த அவர், நன்றி கூறவேண்டியவர்களில் எவரையும் மறந்துவிடலாகாது என்று பெயர்களைத் தாளில் எழுதிக் கையிற் கொண்டுவந்திருந்தார். தந்தையாரிலே தொடங்கினார்: குறுக்குவழி தேடாதே, கனவைத் துரத்து என்று பதினோரு வயதுச் சிறுவனுக்குச் சுதந்திரம் தந்தவர், 1999இல் மறைந்துவிட்டவர். பள்ளிக்கூடத்துக்கு அருகிலிருந்த சிறிய தந்தையார் வீட்டிலே நான்காண்டு தங்கியிருந்ததைச் சொன்னார். நாள் முழுதும் ஆடிக் களைத்து அரைத்தூக்கத்திற் கிடந்த பிள்ளைக்கு, மறுநாளும் ஆடப் போகவேண்டுமே என்று சோறூட்டிய சிறிய தாயாரைச் சொன்னார். முதல் துடுப்பை வாங்கிக்கொடுத்த தமக்கையைச் சொன்னார். தமக்காகத் தன் ஆட்டத்தையே துறந்த அண்ணன் அஜித்தைச் சொன்னபோது, தாம் இனித் துடுப்பெடுத்தாடும் வாய்ப்பு அரிதென்று அறிந்திருந்தும், முந்திய இரவு அவர் தொலைபேசியில் அழைத்து, ஆட்டமிழந்த விதத்தைப் பற்றி ஆராய்ந்ததைக் கூறினார். மகனின் ஆட்டத்தை மைதானத்துக்கு வந்து ஒருபோதும் காணாத தாயார், முதன்முறையாக அந்தப் போட்டிக்கே வந்திருந்தார்.

அவ்வுரையின் சிகரம் ஆசானைப் பற்றிய பகுதி. ரமாகாந்த் அச்ரேக்கர் தம் ஸ்கூட்டரில் இந்தச் சிறுவனை ஏற்றிக்கொண்டு, ஒரு மைதானத்தில் ஆடிமுடித்ததும் அடுத்த மைதானத்துக்குக் கொண்டுசெல்வாராம். இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாளேனும் நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லையாம், சொன்னால் மாணாக்கனின் உழைப்புத் தளர்ந்துவிடும் என்ற அச்சத்தால். இனி நான் ஆடப்போவதில்லை, ஆகவே ஐயா இப்பொழுது அதைச் சொல்லலாம் என்ற கருத்துப்பட டெண்டுல்கர் கூறியபோது, குருபக்தி என்று நாம் ஏடுகளிற் படித்தது ஒரு மைதானத்தின் நடுவே உயிரோடு நின்றது. கம்பர் தமது காவியத்தின் யுத்தகாண்டத்தை விடைகொடுத்த படலத்தோடு நிறைவு செய்திருப்பதை இங்கே நினைவுகூர்கிறேன். முடிசூடிய இராமன், தனக்குத் துணைநின்ற சுக்கிரீவனையும் அங்கதனையும் வீடணனையும் குகனையும் தனித்தனியே அழைத்து அவரவர்க்குத் தக்க சிறப்புச் செய்கிறான். அநுமனுக்கு மாத்திரம், அவன் செய்த உதவிக்கு ஈடாகக் கொடுக்கத்தக்க பொருள் இல்லாமையால், தன்னையே தழுவிக்கொள்ளச் சொல்கிறான். கூட்டத்தைக் கூட்டமாக எண்ணாமல், ஒவ்வொருவர் செய்ததையும் பிரித்தறிந்து, அதனதன் அளவுக்கேற்ப மதித்தலே விடைகொடுத்தலின் இலட்சணம் என்பதைக் கம்பர் அங்கே நிலைநாட்டியிருக்கிறார். டெண்டுல்கரின் தாளில் இருந்தது அந்த இலட்சணமே.

அடுத்து, நம் தீவின் வீரர் குமார் சங்கக்கார. 2015 ஆகஸ்ட் 24ஆம் நாள், நான் முன்னர்ச் சொன்ன அதே பி. சரவணமுத்து மைதானத்திலே, இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டி முடிந்தபின் அவர் பேசினார். 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியதும் அங்கேதான். சங்கக்கார பேசிய அந்நாளில் இலங்கை 278 ஓட்டங்களால் தோற்றிருந்தது; அவரும் அப்போட்டியிலே 32, 18 என்ற சிறு தொகைகளுடனேயே ஆட்டமிழந்திருந்தார். 134 டெஸ்ட் போட்டிகளில் 12,400 ஓட்டங்களும், 38 சதங்களும், அவற்றுள் 11 இரட்டைச் சதங்களும் பெற்ற ஒருவர், தோல்வியின் மாலையிலே என்ன பேசுவார்? மேடையிலே ஜனாதிபதியும் பிரதம மந்திரியும் அமர்ந்திருந்தார்கள். பிரித்தானியாவுக்கான உயர்ஸ்தானிகர் பதவியை ஏற்குமாறு ஜனாதிபதி அம்மேடையிலேயே அழைப்பு விடுத்தார். சங்கக்கார பேசியது கண்டித் திரித்துவக் கல்லூரியையும், பயிற்றிய ஆசிரியர்களையும், பெற்றோரையும் பற்றி. ஊக்கம் தேடித் தாம் வீட்டுக்கு வெளியே போகவேண்டியிருந்ததில்லை என்றார். அம்மாவையும், அப்பச்சி என்று தாம் அழைக்கும் தந்தையாரையும் நோக்கி, எல்லார் முன்னிலையிலும் இப்படிச் சொல்லி உங்களைக் கூச்சப்படுத்துவதற்கு மன்னியுங்கள் என்று கூறும்போது, அவருடைய குரல் தழுதழுத்தது. பெருஞ்சாதனை எது என்று கேட்பவர்களுக்கு, சதங்களையும் கிண்ணங்களையும் காட்டாமல், முப்பதாண்டாகச் சேர்த்த நண்பர்களையும், வென்றாலும் தோற்றாலும் குறையாத குடும்பத்தாரின் அன்பையுமே காட்டினார். தம்மை வென்ற எதிரணியினரையும் அவர் மனமார வாழ்த்தினார்.

இந்தச் சொற்கள் யாழ்ப்பாணத்துச் செவிகளிலே ஒரு தனிப் பொருளுடன் ஒலிப்பதற்குக் காரணமுண்டு. 2011 ஜூலை 4ஆம் நாள் லோர்ட்ஸ் மைதானத்திலே நிகழ்த்திய கௌட்ரி நினைவுச் சொற்பொழிவில், 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது முப்பத்தைந்து தமிழ் நண்பர்களுக்குக் கண்டியிலுள்ள தம் வீட்டிலே பெற்றோர் அடைக்கலம் கொடுத்ததை அவர் எடுத்துரைத்திருந்தார். அப்பொழுது அவர் ஐந்து வயதுப் பாலகர். விளையாட இத்தனை தோழர்கள் ஒரே வீட்டில் கிடைத்தார்களே என்ற மகிழ்ச்சியில், ஆண்டுதோறும் இப்படி நடக்குமா என்று தந்தையாரைக் கேட்டாராம். கதவைத் திறந்துவிட்ட அந்தத் தாய்தந்தையரே, அச்சொற்பொழிவுக்கு நான்காண்டு கழித்து, பி. சரவணமுத்து மைதானத்தில் மகனின் நன்றியை வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு இருந்தவர்கள். விடைபெறும் உரையொன்றில் வரும் வெறும் உறவுமுறைப் பெயருக்குப் பின்னால் எத்துணை பெரிய சரித்திரம் மறைந்திருக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் இந்த விஷயத்தை ஒரு தமிழ் அவையில் முடித்தல் இயலாது. கண்டியிலே பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்று, தமிழ் யூனியன் கழகத்துக்காக ஆடியவர் அவர். 1995ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் மெல்பேர்ண் மைதானத்திலே, நடுவர் ஒருவர் அவருடைய பந்துகளை ஏழு முறை முறையற்றவை என்று அறிவித்த அவமானத்தை, உலகமே பார்த்திருக்கத் தாங்கியவர். 2010 ஜூலையிலே, காலியில் இந்தியாவுக்கு எதிராக ஆடப்போகும் டெஸ்ட் போட்டியே தமது கடைசிப் போட்டி என்று, அது தொடங்குமுன்பே அறிவித்துவிட்டார். அப்பொழுது அவர் வசம் இருந்தவை 792 விக்கெட்டுகள். எண்ணூறுக்கு எட்டுக் குறைவு. எடுக்கத் தவறினால் எடுக்காமலே போகவேண்டியதுதான் என்று தம்மைத் தாமே கட்டிக்கொண்டவரைப் பார்த்து, நலம்விரும்பிகள் பலர் கலங்கினார்கள். இரண்டாம் நாள் ஆட்டத்தை மழை கொண்டுபோயிற்று. முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் இரண்டு. கடைசி இணையர் நெடுநேரம் நின்றுபிடித்தார்கள். மற்றப் பந்துவீச்சாளர் அந்த ஒரு விக்கெட்டை எடுத்துவிடுவாரோ என்று மைதானமே மூச்சடக்கிக்கொண்டிருக்கையில், பிரக்யான் ஓஜாவின் துடுப்பிற் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். எண்ணூறு. முரளிதரனின் விடைபெறும் உரை அந்தப் பந்திலேயே நிகழ்ந்து முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். தோழர்கள் தோளிலே சுமந்து சென்றபோது, பழைய வழக்குகளைத் தீர்க்கும் மேடையாக அந்த மாலை மாறவில்லை. அது ஒரு திருவிழாவாகவே நிறைவெய்திற்று.

மைதானமே இன்றி விடைபெற்றவர்களும் உளர். ராகுல் திராவிட், 13,288 டெஸ்ட் ஓட்டங்களுக்கு உரியவர், 2012 மார்ச் 9ஆம் நாள் பெங்களூரிலே பத்திரிகையாளர் முன்னிலையில், எழுதிவந்த அறிக்கையை நிதானமாக வாசித்து நீங்கினார். சிலபோது தோற்றேன், முயல்வதை மட்டும் ஒருபோதும் நிறுத்தவில்லை என்ற கருத்தே அதன் சாரம். மகேந்திர சிங் தோனி, 2020 ஆகஸ்ட் 15ஆம் நாள் மாலை, இன்ஸ்டகிராமிலே பழைய படங்களோடு, அன்புக்கு நன்றி கூறும் ஒரு சிறு குறிப்பை இட்டு, சர்வதேச ஆட்டத்திலிருந்து அமைதியாக விலகினார். இவை அவரவர் சுபாவத்துக்கு இசைந்தவை. குறைகூற நான் துணியேன். ஆயினும் முகத்தை முகம் பார்த்து, நன்றி பெறுகிறவர் அங்கேயே நிற்க, அவர் பெயரைச் சொல்லுவதிலுள்ள பலன் கைப்பேசித் திரைக்கு வாய்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது நான் கண்டடையும் முடிவு ஒன்றே: சிறந்த விடைபெறும் உரை என்பது கடன்பட்டவர் தம் கடனை அவையறிய ஒப்புக்கொள்ளும் செயல். கெரிக் சில நிமிடம் பேசினார், டெண்டுல்கர் இருபது நிமிடம் பேசினார். நீளத்தால் ஒன்று உயர்ந்ததும் மற்றது தாழ்ந்ததும் இல்லை. குடியேறிய ஏழைக் குடும்பத்து மகன் தாய்தந்தையரின் உழைப்பைச் சொல்கிறார். கூட்டுக்குடும்பத்திலே வளர்ந்தவர் சிறிய தாயாரின் கைச்சோற்றைச் சொல்கிறார். கண்டித் தோழமையிலே வளர்ந்தவர் நண்பர்களைச் சொல்கிறார். சமூகங்கள் வேறுபட்டாலும் இலட்சணங்கள் வேறுபடவில்லை. ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் அவர்கள் எண்ணிக் காட்டவில்லை, அவற்றைப் பிறர் எண்ணுவார்கள் என்று அறிந்திருந்தமையால். பெயரைச் சொன்னதோடு நில்லாமல், அப்பெயருக்குரியவர் செய்த காரியத்தையும் சொன்னார்கள். புகழ் பெற்றவர்களை மட்டுமன்றி, புகழுக்கு எட்டாத தூரத்தில் நின்று உதவியவர்களையும் சொன்னார்கள். தம்மைத் தோற்கடித்தவர்களையும் மறந்தாரில்லை. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலை ஓர் அதிகாரமாக வைத்தார். சொல்வன்மையை வேறோர் அதிகாரமாக வைத்தார். அவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடும்போது விளைவதைத்தான் இந்த உரைகளிலே நாம் காண்கிறோம்.

இதனை நம் ஊரிலே நின்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், விடைபெறவே வாய்க்காமற் போன ஒரு தலைமுறையின் மத்தியில் நாம் வாழ்வதே. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து ஜனங்கள் ஓரிரவிலே ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கும் அப்பாலுக்கும் நடந்தபோது, ஆசிரியர் மாணாக்கரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அயலவர் அயலவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சேர்ந்தாடிய பிள்ளைகள் திக்குக்கொருவராகச் சிதறி, கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் தலை நரைத்துவிட்டார்கள். நன்றி சொல்லப்படாமலே எத்தனை ஆசிரியர்கள் மறைந்தார்கள் என்பதை இந்த அவையிலுள்ள முதியோர் அறிவர். கெரிக் தம்மைப் பாக்கியவான் என்று சொன்னதிலே எனக்கு வியப்பில்லை. உயிரோடிருக்கும்போதே, நன்றிக்குரியவர்களும் உயிரோடிருக்கும்போதே, ஒரு களத்தில் நின்று அவர்கள் பெயரைச் சொல்லக் கிடைத்தது பெரும் பாக்கியமே. அந்தப் பாக்கியம் இன்று நமக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதனை நாம் முறையாகப் பயன்படுத்துகிறோமா?

நம் பாடசாலைகளின் சேவைநலன் பாராட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். மாலை அணிவிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பாவை வாசித்துக் கையளிக்கிறோம், ஒருவர்பின் ஒருவராகப் பத்துப் பேர் பேசுகிறோம், விழா நாயகர் ஏற்புரைக்கு எழும்போது சபை பாதி கலைந்துவிட, அவர் எல்லாருக்கும் நன்றி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார். முப்பத்தைந்து ஆண்டு கற்பித்த ஒருவரிடம் நாம் கேட்டுப் பெறவேண்டிய செல்வம், அவர் வாயாற் சொல்லவேண்டிய பெயர்களே. அதனை இழந்துவிட்டுச் சட்டமிட்ட பாவைச் சுவரில் மாட்டுவதால் என்ன பிரயோசனம்?

ஆகவே அதிபர்களிடமும் ஆசிரியர்களிடமும், சிறப்பாகத் துடுப்பாட்ட அணியின் பொறுப்பாசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பம் செய்கிறேன். பருவத்தின் இறுதிப் போட்டி முடிந்த மாலையிலே, பரிசளிப்புக்கு முன்னர், அவ்வாண்டோடு பாடசாலையை விட்டு நீங்கும் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள். அவர்களுடைய ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் அறிவிப்பாளர் சொல்லட்டும். அவர்கள் மூன்று பேரின் பெயரைச் சொல்லட்டும். அம்மூவரும் செய்த காரியத்தையும் கூடவே சொல்லட்டும். அதிகாலையில் எழுந்து ஆடுகளத்துக்குத் தண்ணீர் விட்டவர் ஒருவராக இருக்கட்டும். எதிரணியிலிருந்து ஒருவராக இருக்கட்டும். வீட்டிலே சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தவர் ஒருவராக இருக்கட்டும். பெயர் குறிக்கப்பட்டவர்களை முன்கூட்டியே அழைத்து முன்வரிசையிலே அமர்த்துங்கள். இளைப்பாறும் ஆசிரியரின் விழாவிலும் அவருடைய உரையை முதலில் வையுங்கள்; மற்றவர்களின் புகழுரை பின்னால் வரட்டும். பதினெட்டு வயதிலே இவ்வாறு பேசிப் பழகிய ஒரு பிள்ளை, அறுபது வயதிலே எந்த அவையிலிருந்து விடைபெற்றாலும் தற்புகழ்ச்சியிலும் முறைப்பாட்டிலும் விழமாட்டான் என்பது என் திடமான நம்பிக்கை. இந்த மரபை வட்டுக்கோட்டையே தொடங்கிவைக்கட்டும். ஏனைய ஊர்கள் பின்பற்றும்.